சோளக்காட்டில் கிடைத்த கல்

மயிலாப்பூர்,
12-11-1934

அப்பாவுக்குத் தெய்வானையின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

வகுப்பில் காட்ட நான் கேட்டிருந்த பச்சைக்கல் வந்து சேர்ந்தது. மழைக்குப் பிறகு சோளக்காட்டில் கிடந்ததாக எழுதியிருந்தீர்கள். திருவல்லிக்கேணியில் கல் பட்டை தீட்டும் இனாயத் சாகிபிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "இன்னாம்மா, காட்ல கெடந்த கல்லா இது? மூலையெல்லாம் கத்தி மாதிரி கீது. யாரோ உளி வச்சுப் பேத்துகினு வந்துகீறாங்க."

நானும் சிரித்துவைத்தேன். மண்ணில் உருண்ட கல்லின் முனை மழுங்கியிருக்கும் என்று நானே படித்திருக்கிறேன். அப்படியானால், வெள்ளைக்காரர்கள் இந்தக் கல்லுக்காகத் தோண்டி விட்டுப்போன பழைய குழிக்குள் நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள். மழையில் ஊறிய அதன் சுவர் எந்த நேரமும் சரியலாம். இரண்டு நாட்களாகப் புத்தகத்தில் மனம் நிற்கவில்லை. கடற்கரைக்குக் கிளம்பினாலும் பாதி வழியில் திரும்பிவிடுகிறேன்.

இனி எனக்குக் கல் வேண்டாம். தலைக்குத் தேய்த்துக் குளிக்கக் கொஞ்சம் அரப்புத்தூள் அனுப்புங்கள். இங்கே விற்பதில் நம் வீட்டு வாசனை இல்லை.

விடுதியில் தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். குழியின் வாயை முள் வெட்டிப்போட்டு அடைத்துவிடுங்கள். அடைத்தாயிற்று என்று அம்மா எழுதட்டும். நீங்கள் எழுதினால் நம்பமாட்டேன்.

தெய்வானை