கோதுமை ஆகாது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் எல்லாம் சாப்பிடுவேன் என்று கோச்சிடம் பொய் சொன்னது நீங்கள்தான். போனில் கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா நலமா?

இந்தப் பஞ்சாப் சைக்கிள் பந்தய முகாமில் மூன்று வேளையும் சப்பாத்தி, வழியில் தின்ன பிஸ்கட். கோதுமை எனக்கு ஆகாது என்று உத்திரமேரூர் டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். நேற்று பயிற்சியில் பாதி வழியில் வயிற்றுப்போக்கு வந்து, சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினேன். பயப்படாதீர்கள், இப்போது பரவாயில்லை. “இன்னாடி, கரும்பு வெட்டப் பூட்டியா?” என்று வாலாஜாபாத் தேவயானி சிரித்தாள். கோச் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா ஊருக்கு டிக்கெட்தான். எது போட்டாலும் துன்னும் சார்னு உங்கப்பன் சொன்னாரே?” என்றார்.

இங்கே ஒரு சென்னைப் பெண்ணுக்குப் பால் ஆகாது என்றதும் பாதாம் பால் வருகிறது. எனக்கு வேண்டியது சோறும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும்தான். சோற்றை வெல்லத்தோடு உருட்டிப் பையில் வைத்துக்கொண்டால் நாள் முழுக்க மிதிப்பேன்.

அம்மா வறுத்த அரிசிமாவு கொஞ்சம் அனுப்புங்கள். அம்மாவின் பழைய புடவை ஒன்றும், இங்கே குளிர்.

கூலிக்குப் போன இடத்தில் போட்டதைத் தின்னாவிட்டால் மறுபடி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தே பழகிவிட்டீர்கள். இங்கே நாம் வாய் திறக்காததால்தான் என்னைத் துரத்தப்போகிறார்கள். விசில் ஊதிவிட்டார்கள், போகிறேன். நீங்கள் சொன்னதை நான் மறுத்தால் சாக்கு என்பார்; நீங்களே கோச்சைப் போனில் கூப்பிட்டு, கெஞ்சாமல், “எம் பொண்ணுக்குக் கோதும ஆவாது, சோறு போடுங்க” என்று சொல்லுங்கள். என்றைக்குச் சொல்வீர்கள்?

திலகா