கருவாட்டின் கோணி

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு பால்கனிக் கம்பியில் உன் கோணி காய்ந்துகொண்டிருக்கிறது. மூன்று நாளாக வெயில் கொளுத்தியும் நடுவில் இன்னும் ஈரம் போகவில்லை. காலையில் துணி எடுக்கப் போனபோது அந்த வாடை மூக்கில் ஏறியது. நனைந்த சணல், பழைய மீன், நாய். எத்தனை சோப்புப் போட்டாலும் மீன் வாடை போகாது என்று நீ சொன்னது சரிதான். கீழ் வீட்டு மாமி ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டாள். சாத்தட்டும். உனக்கு இதை எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நான் அவனைப் பழிவாங்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவன் பெயரை எழுதப் போவதில்லை. ‘அவர்’ என்று மரியாதை போடவும் கை வரவில்லை. உனக்கு அவன் முதலாளி. ஊருக்கு அவன் நாய்களின் மனசு தெரிந்த நிபுணன். நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் உன் அம்மா கடையில் வஞ்சிரம் வாங்க வந்தவன், கடையைச் சுற்றித் தெருநாய்கள் ஒன்றின் மேல் ஒன்று பாயாமல் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். யார் பழக்கினது என்று கேட்டான். நீ செதில் படிந்த கையைத் தூக்கினாய். நாய்க்கூண்டு கழுவத்தான் உன்னை வேலைக்கு எடுத்தான். இரண்டே மாதத்தில் அவன் பயிற்சி நிலையத்தில் நாய்களைப் பழக்குவது நீ, பேசுவது அவன் என்று ஆகிவிட்டது.

கருவாட்டை நீதான் கொண்டுவந்தாய். மீன் காயப்போட்ட தார்ப்பாயின் அடியில் கிடந்த பெட்டை நாய்க்குட்டி, அதனால் நீ வைத்த பெயர் அது. அவன் அச்சடித்த விளம்பரத் தாளில் அதற்கு ‘கோகோ’ என்று பெயர். அந்தத் தாளை என்னிடம் காட்டி நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “கோகோவாம்க்கா. கூப்ட்டுப் பாரு, திரும்புதான்னு. அத்தொட கௌரவம் அதுக்குத் தெரியும்.”

அது வளர்ந்து பழகிய பிறகு, அடையாறில் எங்கள் சிறப்புப் பள்ளிக்கு நீயும் கருவாடும் செவ்வாய்தோறும் வருவீர்கள். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். குழந்தைகளின் கையையும் காலையும் நீட்டி மடக்கி அழவைப்பது என் வேலை, அழுகையை நிறுத்துவது கருவாட்டின் வேலை. கூடத்துக்குள் நுழைந்ததும் நீ செய்யும் முதல் காரியம் மூலையில் ஒரு பழைய கோணியை விரிப்பது. நாய் படுக்கவா என்று முதல் நாள் கேட்டேன்.

“படுக்க மட்டும் இல்லக்கா. வாயில்லா ஜீவன், போதும்னு எப்டிச் சொல்லும்? அதுக்கோசரம்தான் இது. இதுல போய்ப் பட்த்துக்கிச்சின்னா வேல முடிஞ்சிச்சி. அப்பால மந்திரியே வந்தாலும் எழுப்பக் கூடாது.”

நீ சொன்னதைச் செய்யவும் செய்தாய். ஒரு செவ்வாய் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கருவாடு போய்க் கோணியில் படுத்துவிட்டது. நீ தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துப் பைக்குள் போட்டாய். இவ்வளவு தூரம் ஆட்டோவில் வந்திருக்கிறோமே என்று ஒரு அப்பா கத்தினார். “மனுசனுக்கு லீவு கீது சார், இதுக்கு இன்னா கீது?” என்று கேட்டுவிட்டு நீ கிளம்பினாய். எனக்குக்கூட அன்று உன்மேல் எரிச்சல்தான் வந்தது.

கொட்டாவியைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். “தூக்கம்னு நென்ச்சிக்காதக்கா. கெஞ்சுது. மொதக் கொட்டாவிலயே வுட்டுடணும்.” அதன் பிறகு உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணில் வெள்ளை தெரியும். அதையும் தாண்டினால் பல்தான் மிச்சம் என்றாய்.

அப்போது ஏழு வயதான தாராவை நினைவிருக்கிறதா? கால் கவசம் போட்டாலே வீறிடுவாள். கருவாட்டின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டால் மட்டும் எழுந்து ஜன்னல்வரை நடப்பாள். நாய் அவளுக்காக அடி அளந்து நடக்கும்.

ஆண்டு விழா நாளை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒரு பகுதி அதில் இருக்கிறது, அதை நீ இருந்தவரை நான் சொல்லவில்லை. அன்று அவனே வந்திருந்தான், புகைப்படக்காரரோடு. காலையிலிருந்து நன்கொடையாளர்கள் வரிசையில் நின்று நாயைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கருவாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவர நீ கீழே போனாய். அந்த நேரத்தில் அது மூலையைப் பார்த்து நடந்தது. அதற்குள் அவன் கோணியைச் சுருட்டி, பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினான்.

“மேடம், இதைக் கொஞ்சம் பிடிங்க. ஃபோட்டோல அசிங்கமாத் தெரியுது.”

நான் வாங்கிக்கொண்டேன். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். கருவாடு வந்து வெறும் தரையை மோந்தது. பிறகு என் காலடிக்கு வந்து, கோணியை அண்ணாந்து பார்த்தது, என்னைப் பார்த்தது. எனக்குப் புரிந்தது. பள்ளி முதல்வர் மேடம் சிரித்துக்கொண்டு நிற்கிறார், பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தானே என்று இருந்துவிட்டேன். அவன் அதைக் கழுத்துப்பட்டையில் பிடித்து இழுத்துப்போய் நடுவில் நிறுத்தினான். ஒரு அம்மாள் கழுத்தைச் சேர்த்து அணைத்தார். மறுபக்கத்திலிருந்து தாரா கையை வைத்தாள். கருவாடு திரும்பிக் கவ்வியது. தாராவின் மணிக்கட்டில் ஒரு கீறல், ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். நீ தண்ணீரோடு வந்தபோது கூடமே கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. நாயை மறைவில் அடித்ததாகவும் பட்டினி போட்டதாகவும் அதனால்தான் அது கடித்தது என்றும் நீயே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாய். போடாவிட்டால் ஊசி போட்டு நாயைக் கொன்றுவிடுவேன் என்று அவன் மிரட்டியதை, வேலை போய் நாயோடு அம்மாவின் மீன் கடைக்குத் திரும்பிய பிறகு நீ என்னிடம் சொன்னாய். “கையெழ்த்துதானக்கா. நாய் உசுரோட கீது. அது போதும்.” நான் பள்ளியில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷம் தள்ளினேன். குப்பத்தில் உன்னை நாயை அடித்தவள் என்றார்கள். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது, நான்கே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. “உன்கிட்டதான் குடுக்கச் சொன்னா” என்று உன் அம்மா கருவாட்டின் கயிற்றை என் கையில் கொடுத்தபோது, அன்று அக்குளில் இடுக்கிய கோணி ஏற்கெனவே என் வீட்டில்தான் இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து இன்னும் இரண்டு வருஷம் நான் வயிறெரிந்து காத்திருந்தேன். கோவிலில் நின்றால்கூட அவன் நாசமாகப் போக வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அவன் ஒரு நாள் என் கையில் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். கிடைத்தான்.

பள்ளியில் மறுபடி நாயை வைத்து வகுப்பு நடத்தலாம் என்று முடிவானது. நாயைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கடித்த பழி முழுக்க உன்மேல் இருந்ததால், விண்ணப்பித்தவர்களில் அவனும் கூச்சமில்லாமல் இருந்தான். ஆஸ்கர் என்று ஒரு பொன்னிற ரெட்ரீவர் நாய் வைத்திருக்கிறான். அவன் எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்பதையெல்லாம் அவனே இணையத்தில் போட்டுவிடுவான். ஒரு வியாழக்கிழமை காலை தி. நகரில் ஒரு கடைத் திறப்பு விழா, பதினொரு மணிக்குத் தரமணியில் ஒரு அலுவலகம். அங்கே ஊழியர்கள் மன அழுத்தம் போக நாயைத் தடவப் போகிறார்களாம். படித்துவிட்டு, அதே நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வரச்சொல்லி நேரம் கொடுத்தேன். நாய் களைத்துத்தான் வரும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கோணியையும் தெரியவில்லை. அதை மூலையில் விரித்து, முதல்வர் மேடத்துக்கும் பெற்றோருக்கும் முன்னால் நாய் இதில் படுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற உன் விதிமுறையைச் சத்தமாகச் சொன்னேன். “நல்ல கான்செப்ட் மேடம்” என்று அவன் தலையாட்டினான்.

ஐந்து நிமிஷத்தில் ஆஸ்கர் கொட்டாவி விட்டது. நான் பேசாமல் இருந்தேன். உதட்டை நக்கியது. மறுபடி கொட்டாவி. அவன் குழந்தைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இருபது நிமிஷம் போயிருக்கும். அது மெல்ல நடந்துபோய்க் கோணியை மோந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தொப்பென்று படுத்தது. கருவாட்டின் வாடைதான் அதைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

“ஆஸ்கர், கம்” என்றான். வரவில்லை. சிரித்துக்கொண்டே போய்க் கழுத்தில் கட்டியிருந்த பூப்போட்ட துணிக்குள் கையை விட்டு முறுக்கினான். நாய் வீலென்றது. துணி நழுவியது. உள்பக்கம் முள் வைத்த இரும்புச் சங்கிலி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

“புது இடம் மேடம், அதான்” என்றான்.

“உங்களுக்குப் புது இடம் இல்லையே சார்” என்றேன். “நாலு வருஷம் முன்னாடி இதே கூடத்துல, இதே கோணியைச் சுருட்டி என் கையில குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா?”

அவன் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்காகவே நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

“அது அந்தப் பொண்ணு பண்ண தப்பு. அவளே எழுதிக் குடுத்தா.”

“அவ செத்துப்போயிட்டா சார். எழுதி வாங்கின நீங்க இருக்கீங்க. கோணியை வாங்கி வெச்சிக்கிட்ட நான் இருக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று முதல்வர் மேடம் கேட்டார். “பயந்துட்டேன் மேடம்” என்றேன். தாராவின் அம்மா எழுந்து, அந்த நாய் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார். என் வீட்டில் என்றேன். அவர் அழுதார்.

உன் கையெழுத்துப் போட்ட கடிதம் பள்ளிக் கோப்பில்தான் இருக்கிறது. அதன் மேல் இப்போது என் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறது. நீ நாயை அடிக்கவில்லை என்று அதில் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். அதன் பிரதி ஒன்றை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள். “கடைல ஒட்டிட்டுப் போ, எல்லாம் பாக்கட்டும்” என்றாள். ஒட்டிவிட்டு வந்தேன்.

பெற்றோர்களின் வாட்ஸப்பில் அந்தச் சங்கிலியின் படம் ஊரெல்லாம் சுற்றியது. தரமணி அலுவலகம் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். கேட்டபோது மனசு குளிர்ந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும். இன்னும் குடிக்கட்டும்.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கோணியை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தபோது ஒன்று நடந்தது. கருவாட்டுக்கு வயதாகிவிட்டது. கோணியைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து படுப்பதுதான் அதன் பெரிய சந்தோஷம். அன்று வந்தது, மூக்கை வைத்து ஓரம் ஓரமாக மோந்தது. இன்னொரு நாயின் பயம் அதில் ஊறியிருந்தது போல. பின்வாங்கிப் போய் வெறும் தரையில் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் கொட்டாவியிலேயே விட்டுவிட வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் நீ. நான் இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மாட்ட வேண்டும் என்பதற்காக ஒரு நாயைக் கெஞ்சவிட்டேன், அது வீலென்று கத்தும்வரை. அவன் போட்டோவுக்காகச் செய்ததை நான் உனக்காகச் செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். “எனுக்கோசரமா? நாய் இன்னாக்கா பண்ச்சி?” என்றுதான் கேட்பாய். அவன்மேல் எனக்கு ஒரு துளி இரக்கமும் இல்லை, இனியும் வராது. அந்த நாயின் முகத்தைத்தான் நினைக்க முடியவில்லை.

கோணியை ஊறவைத்து மூன்று முறை துவைத்தேன். நேற்று அவனுக்குப் போன் செய்தேன். யாரென்று சொன்னதும் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தான். முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஆஸ்கரை எனக்குக் கொடுத்துவிடு என்றேன். “வேலைக்கு ஆகாத நாய். நீயே கொண்டு போய்த் தொலை” என்றான். சொன்ன நாக்கு மாறாமல் இருக்க, அதை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னேன். திமிரில் அனுப்பியும்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். தாராவின் அம்மா காரில் கூட்டிக்கொண்டு போகிறார், தாராவும் வருகிறாள். அதற்குள் கோணி காய்ந்துவிடும். அவன் வீட்டு வாசலில், அவன் கண் முன்னால், அதை விரிக்கப் போகிறேன். கூப்பிட மாட்டேன், கயிறு போட மாட்டேன். அதுவாக வந்து படுக்கும்வரை நிற்பேன். படுத்துவிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு மந்திரியே வந்தாலும் எழுப்ப விடமாட்டேன்.