பச்சையாக நிற்கும் கடைசி வரிசை

ஜூலை 6, ஞாயிறு
விடியலிலிருந்தே மேற்குக் காற்று. மடத்துக்குளத்தில் விவசாயிகள் கூட்டம். மரபணு மாற்றிய மக்காச்சோள விதை வேண்டுமா, வேண்டாமா. இரண்டு கட்சி, ஒரே சத்தம்.

வேண்டும் என்ற பக்கத்தில் ஒருவர்: "களையெடுக்க ஆள் எங்கீங்க இருக்குது? அத்தன பேரும் பனியன் கம்பெனி வேன்ல ஏறிப் போயர்றாங்க. மருந்தடிச்சாக் களை சாகோணும், பயிரு நிக்கோணும். அந்த விதை வந்தாத்தானுங்க பொழைப்பு."

நான் எழுந்து வேண்டாம் என்று பேசினேன். கைதட்டல். அதிகம் தட்டியது பக்கத்துக் காட்டு நடராசன். அவனுடைய மக்காச்சோளம் இயற்கை விவசாயம், சான்றிதழுக்கு இது மூன்றாம் வருடம்.

வெளியே வந்ததும் உரக்கடைக்காரர் காதோரம்: "உங்க சம்பந்தி குடுத்த விதையே அந்த ரகந்தானுங்க. தெரியாதுங்களா?"

என் காட்டில் நிற்பதே அதுதானா?

ஜூலை 7, திங்கள்
சம்பந்திக்கு போன். "நல்லா வெளையுமுங்க, அது போதாதுங்களா?" சிரிக்கிறார். போனை வைத்துவிட்டேன். மகள் வாழ்கிற வீடு. பையில் பேரும் இல்லை, பில்லும் இல்லை. சம்பந்தியிடம் எவன் பில் கேட்பான்? நான் மடையன்.

கண்டுபிடிக்க ஒரே வழி. கடைசி வரிசைக்கு மட்டும் களைக்கொல்லி அடித்தேன். பயிர் செத்தால் என் விதை சுத்தம். வீட்டுக்காரி சரசு தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, பெத்த புள்ளையாட்ட வளத்த பயிருக்கு ஆராச்சு மருந்தடிப்பாங்களா?"

வாங்க: மாட்டுத் தவிடு, மோட்டார் ஃபியூஸ், சரசு முட்டுவலித் தைலம்.

ஜூலை 10, வியாழன்
புல் வெளுக்கிறது. பயிர் அப்படியே. தன் பயிர் சாக வேண்டும் என்று சாமி கும்பிட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

ஜூலை 15, செவ்வாய்
புல் சருகு. பயிர் கரும்பச்சை. இனிச் சந்தேகம் இல்லை.

ஆண் பூ தலைகாட்டிவிட்டது. நடராசன் காடு கிழக்கே. இந்தக் காற்றில் மகரந்தம் நேரே அவன் கதிரில்தான் விழும், அவன் சான்றிதழ் போய்விடும். உழுது அழித்துவிடலாம் என்றேன். "சம்பந்தி ஊட்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள் சரசு. உழவு யோசனையை விட்டேன். கிழக்கோரப் பத்து வரிசையிலாவது பூவைக் கிள்ளலாம் என்று ஆள் தேடி அலைந்தேன். "கம்பெனில ஷிப்மென்ட் டைமுங்க, லீவு போட்டா வேலை போயிருமுங்க." எல்லா வீட்டிலும் இதே பேச்சு.

நடராசனிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

ஜூலை 19, சனி
சொல்லவில்லை. பயம், வெட்கம், இரண்டும்.

காலையிலிருந்து சரசுவும் நானும் கிள்ளினோம். மத்தியானத்துக்குள் இரண்டே வரிசை. சட்டையெல்லாம் மகரந்தம், மஞ்சள் தூள். நடராசன் வரப்புக்கு வந்துவிட்டான்.

"ஏனுங்கண்ணா, பூவக் கிள்றீங்க?"

"புழு" என்றேன்.

"என்னைக் கூப்புட்டிருக்கலாமுங்கல்ல?" துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். சரசு என்னைப் பார்த்தாள். நான் அடுத்த செடிக்குப் போய்விட்டேன்.

பொழுது சாயும்வரை கிள்ளினான். பிறகு தலை, தோள் எல்லாம் மஞ்சள் தூளோடு தன் மக்காச்சோளக் காட்டுக்குள் நடந்து போனான்.