தேதி தவறவில்லை

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே பாப்பாவும் அத்தையும் நலம். போனில் என் பெயரைப் பார்த்தாலே நீங்கள் துண்டித்துவிடுகிறீர்கள். அத்தையின் போனை வாங்கிப் பேசினால், என் குரல் கேட்டதும் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் உங்கள் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் கொஞ்சம் படித்துவிட்டுத்தானே கிழிப்பீர்கள்.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அப்பா வர்றதுக்குள்ள முளைச்சிடுமா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிறாள். முளைத்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லாண்டரியில் என்னை இஸ்திரிப் பிரிவிலிருந்து கறை பிரிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வருகின்றன. காப்பிக் கறை ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம். ரத்தம் பட்டதைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். யாருடையது, ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நம் வீட்டில்தான் ஒரே ஒரு விரிப்புக்கு அவ்வளவு விசாரணை.

நீங்கள் லீவில் வந்த அன்று நாம் சேர்ந்திருந்த பிறகு விரிப்பில் ரத்தம் பட்டது. "வீட்டுக்கு விலக்கான நாள் கூடவா தெரியாது உனக்கு?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனீர்கள். எனக்கு மாதவிடாய் போன வாரம்தான் முடிந்தது என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. மறுபடியும் அப்படியே ஆனபோது, "நான் இல்லாதப்ப இங்க என்னென்ன நடக்குதோ" என்றீர்கள். லீவு முடியும் முன்பே பெட்டியைக் கட்டிவிட்டீர்கள். அத்தையோ மாடிப்படியில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும், "மாசத்துல பாதி நாள் இவளுக்கு இதே பாடு. என் புள்ள எப்படிக் குடும்பம் நடத்துவான்?" என்று புலம்பினார். என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி நீங்கள் போன் செய்த செய்தியும் அந்த மாடிப்படி வழியாகத்தான் எனக்கு வந்தது.

நீங்கள் போன பிறகு அடிவயிற்றில் வலி ஆரம்பித்தது. நிமிர்ந்து நிற்க முடியவில்லை. உங்கள் தங்கைதான், "அண்ணி, வெக்கத்தப் பாத்துக்கிட்டிருந்தா உடம்பு போயிடும்" என்று கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "தேதி நெருங்கும்போது சேர்ந்தா சில பேருக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துடலாம். முடியுற நேரத்துல மிச்சம் மீதி வெளிய வரலாம். அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனா நடு மாசத்துல, சேர்ந்த உடனே வர்றது மாதவிடாய் இல்லம்மா. அது என்னன்னு பாத்தே ஆகணும்" என்றார். புற்றுநோயாக இருக்குமோ என்று சோதனை முடிவு வரும்வரை செத்துப் பிழைத்தேன். அது இல்லை.

கர்ப்பப்பை வாயில் கிருமித் தொற்றாம். அந்த இடம் வீங்கிப் புண்ணாகி, பட்டாலே ரத்தம் கசிகிறதாம். உடலுறவில்தான் அந்தக் கிருமி தொற்றுமாம். போன தடவை நீங்கள் வந்தபோதே வந்திருக்கலாம், பெண்களுக்கு ரொம்ப நாள் வெளியே தெரியாமலே இருக்கும் என்றார். "தப்பா நினைக்காத, கேட்டாகணும். வீட்டுக்காரர் தவிர வேற யாராவது...?" என்று கேட்டார். இல்லை என்றேன். மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "அப்ப அவர வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் தங்கை வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் ஒளிக்காமல் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். "ஆம்பளைங்க தூர தேசத்துல அப்படி இப்படித்தான் இருப்பாங்க. வெளிய சொல்லித் தொலைக்காத" என்றார். என் உடம்பைத் தெருவுக்கே படம் போட்டுக் காட்டியவருக்கு, உங்கள் மானம் என்றதும் வாசல் கதவு ஞாபகம் வந்துவிட்டது.

மாத்திரை சாப்பிட்டு முடித்தேன். ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் தொற்று உள்ளே கருக்குழாய் வரை போயிருக்கிறது, இன்னொரு குழந்தை தங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். பாப்பாவுக்கு ஒரு தம்பி வேண்டும் என்று ஆசைப்பட்டது நீங்கள்தான்.

அம்மா வீட்டுக்கு என்னை யாரும் அனுப்ப வேண்டியதில்லை. லாண்டரிக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருக்கிறேன். பாப்பாவோடு மாதப் பிறப்பில் போய்விடுவேன். வாசலிலும் ஜன்னலிலும் நல்ல வெளிச்சம் வருகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வலி எதுவும் இல்லாவிட்டாலும் டாக்டரைப் பார்த்து மருந்து சாப்பிடுங்கள். அங்கே உங்களோடு இருப்பவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் யாரென்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் ரத்தம் பட்டிருக்கலாம். அவளையும் நாள் தெரியாதவள் என்று சொல்லிவிடாதீர்கள். அவளாவது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா