அட்டைப்பெட்டிக்குள் அம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் தனியாகக் கேட்கவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் கேட்டால்தானே. என் கடை வழக்கம்போல ஓடுகிறது, இந்த வாரம் மூன்று வாஷிங் மெஷின்கள் பழுதுக்கு வந்து முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. உன் பெரியவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சின்னவன் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்கிறான், ஒரு ஓட்டை தள்ளித்தான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது, நீ பேசும்போது இரண்டும் என் மடியிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

போன வாரம் நீ சொன்னாய், குழந்தைகள் விளையாடுவதைக் கூடவே இருந்து பார்க்க நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் அப்பா, வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று. கொடுத்துவைத்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. என் ஸ்பானர் அவர்களுக்கு ஒருநாள் மீன், மறுநாள் ஜுரம் பார்க்கும் கருவி. கழற்றிப் போட்ட டிரம்முக்குள் தலையை விட்டுச் சின்னவன் ராட்சசக் குரலில் பேசுவான், பெரியவள் பயந்ததுபோல நடிப்பாள், நானும் வேலையைப் போட்டுவிட்டு நடிப்பேன். ஒருநாள் மெஷினைத் திரும்ப வாங்க வந்த வாடிக்கையாளர் என்னை மேசைக்கு அடியில் கண்டுபிடித்தார். அந்த மாதிரி வீடியோ நாலைந்து அனுப்பினேன், நீயும் சிரித்தாய். அனுப்பாத விளையாட்டு ஒன்று இருக்கிறது, அதை இனியும் மறைத்தால் என் மனசு ஆறாது.

புது மெஷின் வந்த அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைச் சதுரமாக வெட்டித் தரச் சொன்னாள் பெரியவள். டிவி விளையாட்டு என்று நினைத்து நானே வெட்டிக் கொடுத்தேன். அது டிவி இல்லை, போன். உள்ளே உட்காருபவர் அம்மா, வெளியே இருப்பவர் பிள்ளை. பிள்ளை அன்றைக்குச் சாப்பிட்டதையும் தூங்கியதையும் ஒப்பிக்க வேண்டும். அம்மா, சமத்துக்குட்டி, தாத்தாவைப் படுத்தாதே, அடுத்த வருஷம் வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே நடுவில் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றுவிட வேண்டும், நெட் கட்டாகிவிட்டதாம். மாப்பிள்ளை வேஷம் எனக்கு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குறுக்கே போய்க் கையாட்டுவதோடு சரி. முதல் தடவை நானும் உன் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இதில் சண்டை எதற்குத் தெரியுமா, அம்மாவாக இருக்க இரண்டுக்கும் இஷ்டமில்லை. அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்லையாம், சும்மா உட்கார போர் அடிக்கிறதாம். சமாதானம் செய்ய ஒருநாள் நானே உள்ளே உட்கார்ந்தேன், அங்கேதான் தப்புப் பண்ணினேன். சின்னவன் முகத்தைப் பார்த்ததும் பொறுக்கவில்லை, அம்மா வந்துட்டேன்டா என்று பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையை விரித்து வெளியே வந்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன், அவன் சுவரோடு ஒண்டிக்கொண்டான். பெரியவள் பெட்டியை மறுபடி என் தலைவழியே மாட்டி, "அம்மா வெளிய வரக்கூடாது தாத்தா, ஆட்டம் கெட்டுப்போயிடும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நீ இப்போது இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறாய், குழந்தைகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்கிறாய். இரண்டு வருஷம் என்றுதான் போனாய், மூன்றாகிவிட்டது. நான் சொல்ல மாட்டேன். என்னிடம் பக்குவம் இல்லை, கசப்புதான் இருக்கிறது. நீங்கள் அங்கே படும் பாடு தெரியாதவன் இல்லை, ஆளுக்கொரு ஷிப்ட்டில் ஓடிக்கொண்டு குழந்தைகளை வைத்துக்கொள்ள முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் உன் மேல் கோபம் இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போ என்று சொல்லி உன்னை வழியனுப்பிய என் மேல் அதைவிட இருக்கிறது.

நேற்று சண்டைச் சத்தமே இல்லை. என்ன இது என்று எட்டிப் பார்த்தேன். ஒரு தாளில் உன் முகத்தை வரைந்து பெட்டிக்குள் ஒட்டிவிட்டார்கள், இனிமேல் அம்மாவாக யாரும் உட்கார வேண்டியதில்லையாம். பெரியவள் நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள், கண்ணாடி, கம்மல், தோள் வரைக்கும். நீ போகும்போது சின்னவனுக்கு ஒரு வயசு. அவன் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, அம்மாவுக்குக் கால் இருக்கா?" என்று கேட்டான். இருக்குடா, நடந்து வருவா, நீயே பாப்பே என்று சொல்லிவிட்டேன். பேரன் முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எங்கள் ஆசீர்வாதம் உங்களுக்கு எப்போதும் உண்டு, இந்தத் தடவை கோபத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய், அதற்கு முன் இதை மாப்பிள்ளைக்கும் ஒரு தரம் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா