நீ அளந்த நாற்பத்தொரு வீடுகள்

மச்சான்,

இன்று காலை பிரதேச சபையின் உத்தியோகத்தர் ஒருவர் நம் லயத்து வரிசை வீடுகளை அளக்க வந்தார். அவர் இரும்பு நாடாவைச் சுவரோரம் இழுத்தபோது எனக்கு உன்னுடையது நினைவுக்கு வந்தது. தகரப் பெட்டியிலிருந்து அதை எடுத்தேன். துணி நாடா, மஞ்சள் மங்கிவிட்டது. தையல் மெசின் எண்ணெய் மணம் மட்டும் போகவில்லை.

கடைத்தெருவில் ஆட்களை அளந்து சட்டை தைத்த நீ, அதே நாடாவால் வீடுகளை அளக்க வேண்டி வந்ததற்குக் காரணம் நான் செய்த பிழை.

நகரத் திட்டத்தின் வரைபடத்தைச் சபை வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம் என்ற அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தது. ஓடைக்கரையில் நம் லயம் இருந்த இடத்துக்குப் பச்சை பூசியிருந்தார்கள். பூங்காவாம். லயத்துக்கு வேலை தந்த கொக்கோ ஸ்டோர் மூடிய பிறகும் நாற்பத்தொரு குடும்பங்கள் சமைத்துத் தூங்கிய இடத்தில், வரைந்தவனுக்கு ஒரு வீடும் தெரியவில்லை. வேறெங்காவது போய்க் கட்டலாம் என்றால், ஆறு பேர்ச்சுக்குக் குறைந்த காணியில் வீட்டுக்கு அனுமதி இல்லை என்று அதே திட்டத்தில் விதி. நம்மில் யாரால் ஆறு பேர்ச் வாங்க முடியும்? ஏழைக்கு வீடு இல்லை என்று எழுத வெட்கப்பட்டு, அதை ஓர் இலக்கமாக எழுதியிருந்தார்கள். மேட்டிலிருந்த பெரிய வீட்டு வளவுகளுக்குள் மட்டும் ஒரு துளி பச்சையும் சிந்தவில்லை.

நான் கொதித்துப்போய் ஒரு மனு எழுதினேன். தோட்டத்தில் நம் அப்பாக்கள் துரைக்குக் கொடுத்த மனு போலவே ஒரே தாள், கீழே எல்லோருடைய கையெழுத்தும் வட்டமாக. முதலில் போட்டது யார் என்று துரைக்குத் தெரியக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. நாலு நாள் கழித்துப் போய்க் கேட்டபோது, கிளார்க் பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். நம் லயத்திலிருந்து வந்த ஆட்சேபம்: ஒன்று.

"நாங்க கடிதத்தைத்தான் எண்ணுவோம் தம்பி, கையெழுத்தை இல்ல."

முடிவுத் திகதிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. நான் கத்தத் தொடங்கினேன். நீ என்னை வெளியே இழுத்து வந்து சிரித்தாய். "நாப்பத்தொரு குடும்பமும் ஒரே சட்டைக்குள்ள பூந்துட்டோம் மச்சான். வா, ஆளுக்கொண்ணு தைப்போம்."

அன்று மாலையே நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாய். நீ அளந்து சொன்னாய், வீட்டுக்காரர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள், நான் எழுதினேன். மூன்றாவது வீட்டில் மேரி அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றார். அவர் மகனைப் பொலிஸ் விசாரணைக்கென்று கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பியிருந்த நேரம் அது.

"எம்பேர எழுதாதீங்கடா. பொலிஸ்காரன் வீடு வீடா வந்து எழுதிட்டுப் போயிருக்கான். அது பத்தாதா?"

"அதேதாங்க்கா நானும் கேக்குறேன்," என்றாய். "சந்தேகப்படுறதுக்கு மட்டும் நம்ம பேரு வேணும், வீட்டுக்கு வேணாமா?"

அக்கா உன்னை முறைத்தார். பிறகு குசினியைக் காட்டி, "மொதல்ல இதை அள. மூணு புள்ளைங்களுக்கு இங்கதான் சோறு ஆக்குனேன். இது பூங்கா இல்லைன்னு எழுது," என்றார். எழுதினேன். கீழே முழுப்பெயரையும் வீட்டு இலக்கத்தையும் அவரே கையால் போட்டார்.

சபை ஆட்சேபங்களை விசாரித்த நாளில் மண்டபத்தில் ஒவ்வொரு கடிதமாக எடுத்துப் பெயர் கூப்பிட்டார்கள். அதுவரை நம் பெயர்களை உரக்க வாசித்தது பொலிஸ் சுற்றிவளைப்பில் மட்டும்தான். மேரி அக்காவின் பெயரை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு எழுந்து, "இருக்கேன்," என்றார். மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. நாற்பத்தொரு தடவை அந்தச் சொல் கேட்டது.

முடிவு வருமுன் நீ போய்விட்டாய். மாரி மழையோடு வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் வரைபடத்தில் பச்சையை அழித்து, குறைந்த வருமானக் குடியிருப்பு என்று குறித்தார்கள். இருக்கும் வீடுகளுக்கு ஆறு பேர்ச் விதி இல்லை என்றும் எழுதினார்கள். அனுமதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. வரும்வரை நான் நம்பப்போவதில்லை. ஆனால் அளக்க ஆள் வந்துவிட்டார்.

உத்தியோகத்தர் கோப்பிலிருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வீடு, கடிதத்தில் உள்ளதைவிட நீளமாம். உன் நாடாவை அவருடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வருடக்கணக்காக இழுபட்டு அதன் ஒவ்வொரு அங்குலமும் நீண்டிருந்தது. நாற்பத்தொரு வீடுகளையும் நீ குறைத்தே எழுத வைத்திருக்கிறாய்!

மேரி அக்கா நம்பவில்லை. "அப்ப அவன் தைச்ச சட்டை எல்லாம் எப்படிச் சரியா இருந்துச்சு?"

"ஆளை அளந்ததும் துணியை அளந்ததும் ஒரே நாடாதானேங்க்கா," என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து லயத்தையும் எடுக்கப்போகிறார்களாம். மனு ஒன்று எழுதித் தரச் சொல்லி நேற்று ஆள் அனுப்பியிருந்தார்கள். ஒன்று மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளை வீடு வீடாகப் போகிறேன். அளப்பதற்கு இரும்பு நாடா வாங்கிவிட்டேன். உன்னுடையதைக் கழுத்தில் போட்டுக்கொள்வேன்.