கெடுத்தருது

அக்டோபர் 13, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மத்தியானம் இடி நிச்சயம்.

பண்ண வேண்டியவை: காஸ் புக் பண்ணணும். உளுந்து, எள் (அவரே வாங்கி வரட்டும், கணக்கு எழுதுகிற கடை சாலை பஜாரில்தானே, நாலு கடை தள்ளி நடந்தால் போதும்). தீபாவளி முறுக்கு. மீனுவின் யூனிஃபார்ம் பிரித்துத் தைக்க. கர்னல்.

கடைசிச் சொல்லை மட்டும் வீட்டில் யாருக்கும் விளக்க முடியாது. இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிற காலேஜில், ஸ்டோர் ரூமில் அஞ்சு பழைய ஒர்க்ஸ்டேஷன். வாங்கின காலத்தில் ஏசி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். இப்போது கேன்டீன் சுவருக்கு இந்தப் பக்கம், பரிப்புவடை வாசனை. செய்த கம்பெனி எப்போதோ கைவிட்டாச்சு. ஓடுவது இலவச சிஸ்டத்தில். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, சோர்ஸை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பது. மெஷினை எழுப்பி நடத்துகிற அதன் உட்கருதான் கர்னல். அதில் எங்கள் மெஷின் வகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கனடாக்காரர். தன் மெஷினை விற்றுவிட்டேன் என்று எழுதிவிட்டு விலகினார். அதோடு அந்தப் பகுதி கம்பைல்கூட ஆகாமல், மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கே வராமல், கிடந்தது. ரிலீஸ் பொறுப்பாளர் மெயில் லிஸ்டில் எழுதினார்: இருபதாம் தேதிக்குள் யாராவது எழுப்பி நிறுத்தினால் இருக்கும், இல்லாவிட்டால் நீக்கம், பிறகு எப்போதும் கிடையாது.

நான் பார்க்கிறேன் என்று பதில் போட்டவள் நான். ஏன் போட்டேன்? அன்றைக்குத் தலைவலி வேறு.

கம்பைல் இப்போது ஆகிறது. என் மெஷின் புது கர்னலில் எழும்புகிறது. இதே மெஷின் வைத்திருக்கிற இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரணும்.

அக். 14, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

ஜெர்மனிக்காரர் பதில்: எழும்பவில்லை. டிஸ்க்கைக் கண்டுபிடித்த வரி வருகிறது, அதோடு நிற்கிறது. ஜப்பானிலிருந்தும் அதே. அதே வரி, அதே மௌனம். என்னிடம் நிற்கவே இல்லை. இன்றைக்கு எத்தனை தடவை ரீபூட் செய்தேனோ, ஒவ்வொரு தடவையும் சமத்தாக எழும்பியது.

ரிலீஸ்காரர் ஒரே வரி: உங்களிடம் மட்டும் ஓடினால் அது ஓடுவதாகக் கணக்கில்லை.

நியாயம்தான். ஆனாலும் இன்னொரு தடவை ரீபூட் செய்து பார்த்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் மீனு கேட்டாள். நான் தமிழில் பேசுவேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள், அது பழகிவிட்டது.

"அம்மே, ஆ சாதனம் ஆர்க்கா வேண்டது?"

"வச்சிருக்கிற ஆளுகளுக்கு."

"எத்ர பேருண்டு?"

"கொஞ்சம் பேரு."

"லோகத்தில் மொத்தமோ?" சிரிப்பு. அவரும் சேர்ந்துகொண்டார். "உங்கம்மாவையும் சேத்து எண்ணிக்கோ."

கோபம் வரவில்லை. களைப்புதான்.

அக். 15, புதன்

கண் எரிச்சல். கண்ணாடி மாற்றணும், போன வருஷத்திலிருந்தே மாற்றணும்.

டிஸ்க் டிரைவர் பகுதியை வரிவரியாகப் படித்தேன். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை.

பஸ்ஸில் தம்பானூர் வரை நின்றுகொண்டே வந்தேன். யோசனை: நான் செய்கிற எதற்கும் முடிவு கிடையாது. சமைத்தால் தீரும், தீர்ந்தால் சமைக்கணும். காலேஜில் பாஸ்வேர்ட் மறந்தவர்கள், மாற்றிக் கொடுத்தால் மறுபடி மறக்கிறவர்கள். ஒன்று, ஒரே ஒன்று, 'முடிந்தது' என்று நான் எழுதணும். அதற்குத்தான் அந்த பதிலைப் போட்டேன் போல. பெருமைக்கு இல்லை.

அக். 16, வியாழன்

புது ஏற்பாடு. முழு சிஸ்டத்தையும் அந்த மெஷினிலேயே கம்பைல் செய்யவிட்டேன். பாரம் ஏற்றினால் எங்காவது தடுமாறுமா பார்க்கலாம். மாட்டுவண்டி வேகம். ஞாயிறு வரை ஓடும்.

நாளைக்கு லீவு, மாமியாருக்குக் கண் ஆஸ்பத்திரி. லேப் அசிஸ்டென்ட் சசியிடம் சொன்னேன், யாரும் அதை நிறுத்தக் கூடாது, செக்யூரிட்டியிடமும் சொல்லிவிடு என்று.

"ஞான் பறயாம் சேச்சி. டென்ஷன் வேண்டா."

செக்யூரிட்டி புதுசு. இசக்கிமுத்து, வள்ளியூர்ப் பக்கம். ஏஜென்சி அனுப்பி ஒரு வாரம்தான் ஆகிறது. மலையாளம் இன்னும் பிடிபடவில்லை, எல்லாவற்றுக்கும் "சரி சாரே" என்கிறார்.

வராந்தாவில் பிரின்சிபால்: "டீச்சரே, ஆ ஆக்ரி எப்பழா மாற்றுந்நது?" ஆக்ரி. காயலான் சாமான். சிரித்துவைத்தேன்.

அக். 17, வெள்ளி

ஆஸ்பத்திரியில் பாதி நாள். மாமியாருக்குக் கண்புரை, ஆபரேஷன் தை பிறந்த பிறகு. பயங்கர இடி, கரண்ட் போய்த் தெருவே இருண்டது. மெஷின் யு.பி.எஸ்.ஸில் இருக்கிறது, கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். எள் வரவில்லை. "மறந்துட்டேன்."

அக். 18, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

ஸ்டோர் ரூம் திறந்தால் இருட்டு. பச்சை விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. ஐந்து மெஷினும், யு.பி.எஸ். உட்பட, பிளக் கழற்றி, வயர்களை அழகாகச் சுருட்டி மேலே வைத்திருந்தது.

இசக்கிமுத்து வாசலில் நிமிர்ந்து நின்றார். பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

"யாரு கழட்டினது?"

"நாந்தான் மேடம். சசி சாரு சொன்னாவல்லா, அந்த மெஷின் கெடுத்தருதுன்னு. ரெண்டு தடவ சொன்னாவ. நேத்து இடி அந்த மாரி இடிக்கி, கரண்டு வாரதும் போறதும். கெட்டுப் போயிரக் கூடாதேன்னு ஓடிப்போயி எல்லாத்தையும் புடுங்கிட்டேன். எங்க வீட்டு டிவி அப்பிடித்தான் மேடம் போச்சு."

சசி தலையில் கை வைத்தான். "ஐயோ சேச்சி, கெடுத்தருது எந்நல்லே ஞான் பறஞ்ஞது!"

"அதத்தான சாரே நானும் செஞ்சேன்!"

மலையாளத்தில் கெடுத்துவது என்றால் அணைப்பது. சசி சொன்னது அணைக்காதே. அவர் கேட்டது கெட்டுப்போக விடாதே. இரண்டு பேரும் சரி. நான் மட்டும் இரண்டு பாஷையும் தெரிந்துவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில்.

யாரைத் திட்ட? கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. போதும், லிஸ்டில் முடியவில்லை என்று எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த மெயிலை அனுப்பவாவது லேபுக்குத் திரும்பணுமே. போகிற வழியில், சும்மா, பிளக்கை மாட்டினேன்.

டிஸ்க்கைக் கண்டுபிடித்த வரி. அதோடு நின்றது.

ஜெர்மனிக்காரரின் அதே வரி! என் மெஷினில்!

சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல. இ.மு. எட்டிப் பார்த்தார். "கெட்டுப் போச்சா மேடம்?"

"கெட்டுப் போச்சு. நல்லதாப் போச்சு."

அக். 19, ஞாயிறு

அவர்: "ஞாயித்துக்கிழமையுமா?" ஆமாம் என்று கிளம்பிவிட்டேன். குக்கரில் சாம்பார் இருக்கிறது.

இவ்வளவுதான் விஷயம். ஸ்டோர் ரூமுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் மெஷின்களை யாரும் அணைத்ததே இல்லை. அணைத்தால் திரும்ப வராது என்று பயம், அதனால் ரீபூட் மட்டும்தான். மற்ற இரண்டு பேரும் வேலை முடிந்ததும் அணைக்கிறவர்கள். உள்ளே கடிகாரச் சிப்பில் ஒரு சின்ன பேட்டரி, எல்லா மெஷினிலும் செத்துப்போயிருக்கும். என்னுடையது கரண்டில் ஓடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. கரண்ட் போனதும் தேதி மறந்துபோகிறது: நாள் பூஜ்யம், மாசம் பூஜ்யம். புது கர்னல் பூஜ்யமாவது மாசத்தைத் தேடிப் போய் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிஸ்க்கில் தப்பு இல்லவே இல்லை. அடுத்த வேலை தேதி பார்ப்பது, அங்கேதான் நின்றிருக்கிறது.

பழைய கர்னலில் எழுப்பி, இரண்டு வரி சேர்த்தேன். மாசம் கண்டபடி இருந்தால் அதை விட்டுவிடு, டிஸ்க்கில் கடைசியாக எழுதிய தேதியை எடுத்துக்கொள். கர்னல் மட்டும் கம்பைல். பிளக்கை நானே பிடுங்கினேன். அவ்வளவு வருஷத்தில் முதல் தடவை. காபி குடித்துவிட்டு வந்து மாட்டினேன்.

எழும்பியது. தேதியைச் சரிபார் என்று ஒரு எச்சரிக்கை, பிறகு லாகின்.

அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் சிங்க் நிறையப் பாத்திரம். சாம்பார் தீர்ந்திருந்தது.

அக். 20, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

ஜெர்மனி: எழும்பியது. ஜப்பான்: எழும்பியது, ஆச்சரியக்குறிகளோடு. ரிலீஸ்காரர்: சரி, இருக்கட்டும். பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டும், யாருடையது?

ஆக, இதற்கும் முடிவு கிடையாது. ஒவ்வொரு ரிலீஸுக்கும் இனி இதுவே.  என் பெயரையே எழுதினேன், இனிஷியலோடு.

எள் வந்துவிட்டது. கறுப்பு எள். முறுக்குக்கு வெள்ளை வேணும்.

சாயந்திரம் தெற்கே மின்னல். இ.மு. சாவிக்கொத்தோடு ஸ்டோர் ரூம் வாசலில் நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை.

"மேடம், இன்னைக்கி கெடுக்கணுமா, கெடுக்கக் கூடாதா? தெளிவாச் சொல்லிருங்க."

"கெடுத்துருங்க அண்ணாச்சி."